எட்டு மணி நேரம் யாருக்கு?

லாரி டிரைவருக்கு எட்டு மணி நேர வேலை என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். லாரி முதலாளி சிரிப்பார். புக்கிங் ஆபீசில் தொலைபேசியும் கையுமாக அமர்ந்திருக்கும் தரகர் சிரிப்பார். இரண்டு இரவு கண்விழித்து வந்து சேர்ந்த டிரைவரே, சிவந்த கண்ணைக் கசக்கிக்கொண்டு, "நடக்கிற காரியமாய்ப் பேசுங்கய்யா" என்பார்.

நாம் கற்பனை பேசவில்லை. நாட்டின் சட்டத்தைப் பேசுகிறோம். அதுவும் நேற்றுப் பிறந்த சட்டமல்ல. 1961-ஆம் ஆண்டிலேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்றது அது. நெடுந்தூர வண்டியானால், அதிகாரியின் அனுமதியோடு நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி வரை போகலாம். வண்டி பழுது, பாதை அடைப்பு போன்றவை நேர்ந்தாலன்றி அதற்கு மேல் கூடாது. ஐந்து மணி நேரம் வேலை செய்தவனுக்கு அரை மணி ஓய்வு. ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் வேலை தொடங்குமுன் இடைவிடாத ஒன்பது மணி நேர ஓய்வு. மிகை நேரத்துக்கு இரட்டைக் கூலி. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 91-ஆவது பிரிவும் இதையே வழிமொழிந்தது.

இவ்வளவும் ஏட்டில் எழுதி அறுபது ஆண்டுகள் கழித்து, 2021-இல், மத்திய போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி ஒரு யோசனை சொன்னார். விமானம் ஓட்டுபவர்களுக்கு இருப்பதுபோல லாரி ஓட்டுபவர்களுக்கும் வேலை நேரத்தை வரையறுக்க வேண்டுமாம்! யோசனை நல்லதுதான். ஆனால் வரையறுத்தாகிவிட்டதே, அய்யா! அதைத் தூசு தட்டி எடுப்பாரில்லை என்பதல்லவா தொல்லை? கோவை எலும்பு முறிவு மருத்துவர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012-இல் உச்சநீதிமன்றத்தில் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், 2025 ஏப்ரலில், அந்த மன்றமே இதைச் சொல்ல வேண்டியதாயிற்று. மாநிலங்களைக் கூட்டிப் பேசி, இருக்கும் வேலை நேரச் சட்டத்தை நடைமுறைப்படுத்த வழி காணுங்கள் என்று போக்குவரத்து அமைச்சகத்துக்கு அது உத்தரவிட்டது. புதுச் சட்டம் செய்யச் சொல்லவில்லை. பழைய சட்டத்தை எழுப்பச் சொன்னது.

உறங்குவதைப் பற்றிப் பேசினால் நம் திருச்சி மாவட்டத்துக்காரனுக்குத் திருவரங்கம் நினைவுக்கு வராமலிருக்காது. அங்கே பள்ளிகொண்டிருக்கும் பெருமாளுக்கு உறங்க நேரம் உண்டு, எழுப்ப ஆள் உண்டு, எழுந்ததும் உபசாரம் உண்டு. அவர் ஊரைச் சுற்றி, ஒய் ரோட்டு வழியாகவும் கொள்ளிடப் பாலத்தின் மீதும் இரவெல்லாம் போகின்ற லாரிக்காரனுக்குத்தான் கண்ணயர நேரமில்லை. பஞ்சப்பூரில் 2025 மே மாதம் சரக்கு வண்டி முனையம் திறக்கப்பட்டது. வரவேற்கிறோம், வண்டி நிறுத்த இடமின்றிச் சாலையோரம் கிடந்தவனுக்கு அது பெரிய உதவி. ஆனால் படுக்க இடம் கொடுத்தால் போதுமா? படுத்துறங்கும் நேரத்துக்குக் கூலி வெட்டு விழாது என்ற உறுதியை யார் கொடுப்பது?

இங்கேதான் விஷயத்தின் வேர் இருக்கிறது. லாரி டிரைவருக்குப் பெரும்பாலும் மாதச் சம்பளமில்லை. நடைக்கு இவ்வளவு, அல்லது வாடகையில் இத்தனை சதவீதம், மேற்கொண்டு படி. வண்டி உருண்டால் காசு, நின்றால் இல்லை. இப்படிக் கூலியை வைத்துவிட்டு, 'மெதுவாகப் போ, ஓய்வெடு' என்று சாலையோரம் பலகை நட்டு வைப்பது எத்தகைய நேர்மை? அவன் உறங்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவன் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்திலிருந்து கழிகிறது. அதையும் மீறி அவன் உறங்கிவிட்டால், பெரும்பாலும் அது ஸ்டியரிங்குக்குப் பின்னால் நிகழ்கிற உறக்கமாகிவிடுகிறது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டார்கள் என்பது சர்க்கார் கணக்கு. அத்தனையும் லாரியால் வந்தவை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் களைப்பு என்ற காரணத்தை முதல் தகவல் அறிக்கையில் எழுத ஒரு கட்டம் கிடையாது. 'கவனக்குறைவு' என்று எழுதி முடித்துவிடுகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மராட்டியத்திலிருந்து திருச்சி வெங்காய மண்டிக்கு ஒரு லோடு வருகிறது. தூரம் குறைத்துச் சொன்னாலும் 1,300 கிலோமீட்டர். மணிக்குச் சராசரி 40 கிலோமீட்டர் என்று வைத்தால், ஓட்டும் நேரம் மட்டும் முப்பத்திரண்டரை மணி. 8 மணிக் கணக்கில் ஓட்டினால் ஐந்தாம் நாள் வந்து சேரும். 10 மணிச் சலுகையில் நான்காம் நாள். இப்போது இன்னொரு கணக்கு. அதே லோடுக்குச் சரக்கு வரிச் சட்டத்தின் கீழ் இ-வே பில் போடுகிறார்களே, அதற்குச் சட்டம் கொடுக்கும் தவணை என்ன? 2021 முதல், ஒவ்வொரு 200 கிலோமீட்டருக்கும், மிச்சம் வரும் பகுதிக்கும், ஒரு நாள். அதாவது ஏழு நாள்! சரக்குக்கு நிதானமாக வர ஏழு நாள் தவணை கொடுத்த சர்க்கார், சரக்கைச் சுமந்து வரும் மனிதனின் தவணையைக் கேட்க மறந்துவிட்டது. கேட்பவர் வியாபாரி, அவர் கேட்பது 'நாளை மறுநாள் விடியுமுன் மண்டிக்கு வா' என்பது. அழுகும் பொருள், சந்தை விலை இறங்கிவிடும் என்பார். அவர் சொல்வதில் பொய்யில்லை. இரண்டு டிரைவர்களை ஏற்றி அனுப்பினால் சட்டமும் நிற்கும், சரக்கும் நேரத்துக்கு வரும். ஆனால் இரண்டாவது டிரைவருக்கான கூலி வாடகையில் இல்லை. முன்பெல்லாம் பேச்சுத் துணைக்குக் கிளீனராவது இருந்தான். இன்று பல வண்டிகளில் அவனும் இல்லை.

வந்து சேர்ந்த பிறகாவது விடுதலையா? பகலில் கனரக வண்டிகள் நகருக்குள் நுழையத் தடை உள்ள நேரங்கள் உண்டு. காந்தி மார்க்கெட்டில் சரக்கு இறக்குவது இரவில். வெளியே காத்துக் கிட, வரிசையில் நில், இறக்குகிறவர்கள் வரும்வரை வண்டியை விட்டு நகராதே — இதெல்லாம் வேலையா, ஓய்வா? 1961-ஆம் ஆண்டுச் சட்டம் இதிலே ஒரு வேடிக்கை செய்து வைத்தது. முனையத்தில் வெறுமனே காத்திருக்கும் நேரம் பதினைந்து நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் அது வேலை நேரத்தில் சேரும் என்றது. குறைவாக இருந்தால்! பதினாறு நிமிடம் காத்திருந்தவன் கதி? பேருந்து நிலையத்தில் அடுத்த நடைக்கு நிற்கும் டிரைவரை மனத்தில் வைத்து எழுதிய வாசகம் போலும். கிடங்கு வாசலில் பதினைந்து மணி நேரம் கிடக்கும் லாரிக்காரனை அது கண்டதில்லை. 2022 நவம்பரில் காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க மூடியபோது, திருவரங்கத்துக்கும் காந்தி மார்க்கெட்டுக்கும் இடையே ஓடிய சிறு சரக்கு வண்டிகள் சஞ்சீவி நகர் வழியாகச் சுற்றின. நடைக்கூலிக்காரனுக்குச் சுற்றுவழி என்பது சொந்தச் செலவு. பாலம் மூடினாலும் அவன் நேரம்தான் போகும்.

சட்டம் உறங்கியதற்கு இன்னொரு காரணம், அது யாருக்குப் பொருந்தும் என்ற இலக்கத்தில் ஒளிந்திருந்தது. ஐந்து தொழிலாளர்களுக்குக் குறையாமல் வைத்திருக்கும் நிறுவனத்துக்கே 1961-ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும். நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் திருச்சியிலும் ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்! அவர்களிடம் வேலை செய்பவன் அப்போதே சட்டத்துக்கு வெளியே நின்றான். அந்த இலக்கத்தைக் குறைப்பார்கள் என்று தொழிலாளி காத்திருந்தான். என்ன செய்தார்கள் தெரியுமா? பழைய சட்டங்களையெல்லாம் மூட்டை கட்டி நான்கு தொகுப்புகளாக்கி, 2025 நவம்பர் 21-ஆம் நாள் முதல் நடைமுறை என்று மத்திய சர்க்கார் அறிவித்தது. அதில், பணிப் பாதுகாப்பு பற்றிய 2020-ஆம் ஆண்டுத் தொகுப்பிலே, மோட்டார் போக்குவரத்து நிறுவனத்துக்கான இலக்கம் ஐந்திலிருந்து பத்தாயிற்று! ஐந்து பேரென்றால் ஓட்டை. பத்துப் பேரென்றால் வாசல். வாசல் வழியே லாரித் தொழிலின் பெரும்பகுதியே வெளியேறிவிடும்.

தண்டனை என்றால் மட்டும் இலக்கம் பார்ப்பதில்லை. விபத்து நடத்திவிட்டு நிற்காமல் போனால் பத்தாண்டு சிறை என்று பாரதிய நியாய சன்ஹிதாவில் எழுதினார்கள். 2024 சனவரியில் நாடெங்கும் டிரைவர்கள் வண்டியை நிறுத்தியதும் அந்த உட்பிரிவைக் கிடப்பில் போட்டார்கள். அங்கே ஐந்து பேர் வேலை செய்யும் நிறுவனமா, பத்துப் பேரா என்ற கேள்வி எழவில்லை. ஒற்றை டிரைவரானாலும் சிறைக்கதவு திறந்திருந்தது.

நம் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் ஆலைகளுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா நிறைவேறியபோது, தொழிற்சங்கங்கள் அனைத்தும் கொதித்தெழுந்தன. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. சிங்காரவேலர் 1923-இல் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடிய மண்ணல்லவா! பொன்மலை ரயில்வே தொழிலாளர்கள் ஐவர் 1946 செப்டம்பர் 5-ஆம் நாள் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியான மாவட்டமல்லவா இது! ஆலைக்குள் பன்னிரண்டு மணி என்றதும் கொதித்தோம்; சரி. ஆலை வாசலில் சரக்கோடு நிற்கும் லாரிக்குள் பதினாறு மணி நேரமாக ஒருவன் விழித்திருக்கிறானே, அவனுக்காக எத்தனை வாயிற்கூட்டம் நடத்தினோம்?

இனி, பேருந்தைப் பாருங்கள். அதே சாலை. அதே கனரக உரிமம். 1972-க்கு முன் தனியார் பேருந்து டிரைவரும் முதலாளி மனம்போல்தான் வாழ்ந்தார். பேருந்துகள் அரசுடைமையாகிப் போக்குவரத்துக் கழகங்கள் தோன்றின. நமக்குத் தீரன் சின்னமலை பெயரில் ஒரு கழகம் கிடைத்தது. சங்கம் வந்தது, ஊதிய ஒப்பந்தம் வந்தது, வேலை அட்டவணை வந்தது. கழகத் தொழிலாளிக்குக் குறையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஓய்வூதியப் பாக்கிக்காக அவர்கள் நடத்திய போராட்டங்களை நாடறியும். ஆனால் பேசுவதற்கு எதிரே ஒரு நாற்காலி, அதில் உட்கார ஓர் அதிகாரி அவர்களுக்கு உண்டு. லாரி டிரைவர் யாரிடம் பேசுவது? முதலாளியிடம் கேட்டால், 'வாடகை கட்டவில்லையப்பா' என்பார். தரகரிடம் கேட்டால், 'கம்பெனிக்காரன் கொடுக்கிற ரேட் இதுதான்' என்பார். கம்பெனியில் கேட்டால், 'நீ எங்கள் ஆள் இல்லை' என்பார்கள்.

ஆகவேதான் நாம் டிரிப்யூனல் கேட்கிறோம். தொழில் தீர்ப்பாயம் கேட்கிறோம். கூலியை ஒருவரும் நேரத்தை இன்னொருவரும் தீர்மானிக்கிற வரையில் இரண்டுமே தீராது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்து, சாட்சியம் கேட்டு, கட்டுப்படுத்தும் தீர்ப்பு வழங்கக்கூடிய இடம் அது ஒன்றே. 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே, தீர்ப்பாயம் விசாரிக்கத் தக்கவை என்று கூலி, கூலி கொடுக்கும் முறை, வேலை நேரம், ஓய்வு இடைவேளை எல்லாம் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. கூலி கொடுக்கும் முறை! நடைக்கூலி சரியா, மணிக்கூலி சரியா என்று கேட்க அன்றே வழியிருந்தது. கேட்க வைக்கச் சங்கமில்லை; தகராறை அனுப்பி வைக்கச் சர்க்காருக்கு மனமில்லை.

சிதறிக் கிடக்கும் தொழில், ஆயிரம் முதலாளிகள், எப்படி ஒரு தீர்ப்பில் கட்டுவது என்று கேட்பார்கள். வங்கிக் குமாஸ்தாக்களுக்கு எப்படிக் கட்டினார்கள்? அன்று வங்கிகள் தேசியமயமாகவில்லை. பெரிதும் சிறிதுமாக நாடெங்கும் எத்தனையோ தனியார் வங்கிகள். 1953-இல் சாஸ்திரி அவார்டு, 1962-இல் தேசாய் அவார்டு வந்தன. வங்கியைத் தரம் பிரித்தார்கள், ஊரைத் தரம் பிரித்தார்கள், சம்பள விகிதம் வகுத்தார்கள், வேலை நேரமும் வகுத்தார்கள். அத்தனை வங்கியும் மூழ்கிவிட்டதா?

கொடுக்கச் சக்தியில்லை என்ற வாதத்துக்கும் பதில் பழையதே. குறைந்தபட்சக் கூலி கொடுக்க முடியாத தொழிலுக்கு நீடிக்க உரிமையில்லை என்று 1957-இல் கிரவுன் அலுமினியம் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறிவிட்டது.

ஆனாலும் நியாயமான ஓர் ஆட்சேபம் இருக்கிறது; அதைத் தள்ளிவிட்டுப் போக நாம் விரும்பவில்லை. சொந்த வண்டியைத் தானே ஓட்டுகிறவர் இருக்கிறாரே, அவர் முதலாளியா, தொழிலாளியா? தவணை கட்டும்போது முதலாளி. டயர் மாற்றும்போது தொழிலாளி. டிரைவர் கூலியை மட்டும் உயர்த்திவிட்டு வாடகையை அப்படியே விட்டால், முதலில் சாய்பவர் அவர்தான். இந்தச் சோதனையை ஆஸ்திரேலியா பட்டறிந்திருக்கிறது. தீர்ப்பாயம் வைத்துக் கூலி நிர்ணயிப்பதில் அந்த நாடு மூத்தது. 1907-இலேயே ஹிக்கின்ஸ் என்ற நீதிபதி, நாகரிகமாக வாழ ஒரு தொழிலாளிக்கு நாளுக்கு ஏழு ஷில்லிங் வேண்டும் என்று தீர்ப்பளித்த நாடு. அங்கே 2012-இல் சாலைப் பாதுகாப்பு ஊதியத் தீர்ப்பாயம் என்றே தனியாக ஒன்று அமைத்தார்கள். கூலி குறைந்தால் வேகம் கூடும், வேகம் கூடினால் சாவு கூடும் என்பதே அதன் அடிப்படை. 2016 ஏப்ரலில் சொந்த வண்டிக்காரர்களுக்குக் குறைந்தபட்ச வாடகை விதித்தது அது. உடனே, 'எங்களுக்கு மட்டும் விலை கட்டினால், சரக்கெல்லாம் பெரிய கம்பெனி வண்டிக்குப் போய்விடும்' என்று அந்த வண்டிக்காரர்களே தெருவுக்கு வந்தார்கள். இதுதான் சமயமென்று அதே மாதத்தில் அன்றைய அரசு தீர்ப்பாயத்தையே கலைத்துவிட்டது. கதை அதோடு முடியவில்லை. 2024-இல் புதுச் சட்டம் செய்து, அங்குள்ள தேசியத் தொழில் ஆணையத்திடம் அந்த அதிகாரத்தை மறுபடி கொடுத்தார்கள். இம்முறை ஒப்பந்தச் சங்கிலி முழுவதையும், சரக்கு அனுப்புகிறவர் வரை, கட்டுப்படுத்தும் வழியையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

அந்தச் சங்கிலியைத்தான் நாமும் பிடித்திழுக்க வேண்டும். நம் நாட்டுக்கு அது அந்நியச் சரக்குமல்ல. 1978-இல் கோழிக்கோட்டுக் கயிற்றுத் தொழிலாளர் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தெளிவாக்கியது அதுவே: இடையில் எத்தனை ஒப்பந்தக்காரர் நின்றாலும், தொழிலாளியின் பிழைப்பு யார் கையில் இருக்கிறதோ அவரே முதலாளி. திருவெறும்பூர்ப் பக்கம் பாய்லர் பாகம் ஏற்றும் வண்டியானாலும் சரி, விடியுமுன் திருவரங்கம் பூச்சந்தைக்கு மல்லிகை கொண்டுவரும் சிறு வண்டியானாலும் சரி, ஏற்றி அனுப்புகிறவர் நிர்ணயிக்கும் வாடகையிலும் கெடுவிலும்தான் ஓட்டுகிறவனின் உறக்கம் இருக்கிறது. தீர்ப்பாயத்தின் முன்னால் அவரும் வந்து நிற்கட்டும். காத்திருக்கும் நேரத்துக்குக் காத்திருக்க வைத்தவர் பணம் கட்டட்டும். அப்போது பாருங்கள், பதினைந்து மணி நேரத்தில் இறக்கிய சரக்கை இரண்டு மணி நேரத்தில் இறக்கும் வழி தானாகவே தெரிந்துவிடும்.

புதிய தொகுப்புகளில் குறை மலிந்திருந்தாலும் பிடித்துக்கொள்ள இரண்டு கிளைகள் உண்டு. தொழிலுறவுத் தொகுப்பின்படி, சமரசம் முறிந்தால் சர்க்கார் அனுப்பி வைக்கும்வரை காத்திராமல், தொழிலாளர் தரப்பே தொண்ணூறு நாளுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஊதியத் தொகுப்பின் 13-ஆவது பிரிவின்படி, குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்த இடத்தில் வேலை நாளின் மணி நேரத்தையும் சர்க்கார் நிர்ணயிக்கலாம். அங்கே பத்துப் பேர் என்ற வேலி இல்லை. மாநில சர்க்கார் இந்தப் பிரிவைக் கையிலெடுத்து லாரித் தொழிலுக்கு ஆணை பிறப்பிக்க வேண்டும் என்று கேட்கிறோம். தொழிலாளர் நீதிமன்றம் நெடுங்காலம் நடந்த ஊர் திருச்சி. புதிய இருநபர் தீர்ப்பாயத்தின் அமர்வும் இங்கேயே வேண்டும். நாமக்கல், கரூர், பெரம்பலூர் டிரைவர்களுக்கும் இதுவே கைக்கெட்டும் ஊர். ஒரு நாள் விசாரணைக்காக மூன்று நாள் கூலியை இழந்து அவர்கள் சென்னைக்கு ஓட முடியாது.

சாட்சியம் எங்கே என்பார்கள். முன்காலத்தில் அது பெரிய கேள்வி. வேலை நேரக் குறிப்பேடு முதலாளி கையில். அவர் எழுதியதே கணக்கு. இன்று? திருச்சியிலே சுங்கம் வாங்கிய காலம் போய், டி.வி.எஸ். டோல்கேட், நம்பர் 1 டோல்கேட் என்று பெயர் மட்டும் பேருந்து நிறுத்தங்களாக நிற்கிறது. சுங்கம் சமயபுரத்துக்குப் போய்விட்டது. 2021 பிப்ரவரி முதல் பாஸ்டாக் கட்டாயம். எந்த வண்டி எந்தச் சாவடியை எத்தனை மணி எத்தனை நிமிடத்தில் கடந்தது என்பது அழியாமல் பதிவாகிறது. வரி வசூலிக்கப் பதிந்த அந்தக் கணக்கு, ஒரு மனிதன் எத்தனை மணி நேரம் கண்விழித்தான் என்பதற்கும் கணக்குதான். பாஸ்டாக் பட்டியல், இ-வே பில், புக்கிங் சீட்டு மூன்றையும் ஒரு மாதத்துக்குச் சேர்த்து வைத்தால், சங்கத்தின் விண்ணப்பத்துக்கு வேண்டிய சான்று தயார். இன்றிரவு காந்தி மார்க்கெட்டில் சரக்கிறக்கக் காத்து நிற்கும் வண்டிகளிலிருந்தே அதைத் தொடங்கலாம்.